வேர்டினி பண்ணையின் வேலையாள்

உருளைக்கிழங்கு தோண்டும் வாரத்தில் விர்தவாவில் யாரும் யாரையும் தேடிப் போக மாட்டார்கள். செத்தவனைப் புதைக்கக்கூட மழை நாள் வரட்டும் என்று காத்திருக்கும் ஊர் இது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் லவீஸே என்பவள் கதவைத் தட்டியபோதே விஷயம் பெரிது என்று நில அளவையாளர் எர்மானிஸுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய முழங்கை வரை சோப்பு நுரை காயாமல் இருந்தது.

ரஷ்யச் சக்கரவர்த்தி போய்க் குடியரசு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிரபுவின் நிலத்தை முப்பத்திரண்டு பண்ணைகளாக வெட்டிக் கொடுக்கும் வேலை எர்மானிஸுடையது. இந்த ஊர்க்காரர்தான், ஆனால் இருபது வருஷம் வெளியூர்களில் நில அளவைச் சங்கிலி பிடித்துவிட்டுத் திரும்பியவர். காணாமல் போன எல்லைக் கற்களையும் ஒரு குதிரையையும் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து, அவர் பொய்யையும் சங்கிலி போட்டு அளப்பார் என்று ஊரில் ஒரு பேச்சு. பெரிய மாளிகை 1905 டிசம்பரிலேயே எரிந்துபோயிற்று. மிச்சமிருந்த செங்கல் எல்லாம் இப்போது எங்கள் மாட்டுக்கொட்டில்களில் இருக்கிறது. சின்ன மாளிகையைப் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் வாசல் அறையில் எர்மானிஸ் தங்கியிருந்தார். லவீஸே அங்கேயே தரை தேய்த்து, அங்கேயே சமையலறையில் படுத்துக்கொள்பவள்.

"உக்காரும்மா," என்றார் எர்மானிஸ்.

அவள் உட்காரவில்லை. மடித்த காகிதம் ஒன்றை வரைபடத்தின் மேல் வைத்தாள். "பிரபுவோட மேலாளர் இருந்த ரூம்ல, சுவரோரம் இருந்த அலமாரியை நகர்த்தினேன் ஐயா. பின்னாடி விழுந்து கிடந்துச்சு. பதினாறு வருஷமா நான் தேடினது இதுதான்."

காகிதத்தில் அச்சு எழுத்துப் போல, யார் கையெழுத்து என்று தெரியாதபடி, நாலு வரிகள் இருந்தன. மாளிகைக்குத் தீ வைத்தவர்கள்: ஆலைக்காரரின் மூத்த மகன். கொல்லன். பள்ளி ஆசிரியர். வேர்டினி பண்ணையின் வேலையாள்.

"கடைசி வரி என் வீட்டுக்காரர். என் ஆன்ஸிஸ்," என்றாள் லவீஸே. "மாளிகை எரிஞ்ச அடுத்த மே மாசம் சக்கரவர்த்தியோட தண்டப்படை வந்துச்சு. இந்த முற்றத்துல ஆம்பளைங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சாங்க. பொம்பளைங்க எங்களைக் கேட்டுக்கு வெளியே தள்ளிட்டாங்க. மூணு வெடிச் சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அவர் தீ வெச்சாரா?"

"எங்க ஐயா? மாளிகை எரிஞ்ச ராத்திரி எனக்கு நெஞ்சுச் சளி. விடியுற வரைக்கும் என் முதுகுல கடுகு பத்துப் போட்டுக்கிட்டு இருந்தார். அவருக்கு வண்டிக்காரனோடகூடச் சண்டை கிடையாது. படை வந்தப்பதான் வேர்டினிக்குக் குடி போயிருந்தோம். மூணே வாரம். சன்னலுக்குத் திரைகூட மாட்டலை. அவரைப் போய் ஒருத்தன் எழுதிக் குடுத்திருக்கான்னா, எவ்வளவு வெறுப்பு இருந்திருக்கணும்!"

தபால் பையோடு உள்ளே வந்த ஒட்டீலியா இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டீலியாதான் எங்கள் ஊர்த் தபால் நிலையம். கடிதத்தை உறையைப் பிரிக்காமலே படிக்கத் தெரிந்தவள் என்று சொல்வார்கள். நல்ல மனசுக்காரி என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். எர்மானிஸின் துப்பு வேலைகளில் பாதி ஓட்டம் அவளுடைய கால்கள் ஓடியதுதான்.

"ஏன் அக்கா இப்ப கிளறுறீங்க?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்க கல்யாண அறிவிப்பு ஓலையை மூணாவது தடவையா வாசிக்கப் போறாங்க. மிக்கேலிஸ் தங்கமான ஆளு. பத்து ஹெக்டேர் நிலம், ஒரு பசு, ஓட்டை இல்லாத கூரை. வேற என்ன வேணும்?"

"அதுக்குத்தான்டி," என்றாள் லவீஸே. "கல்யாணம்னா ஊரே வரும். எழுதினவனும் வருவான். நான் சுட்ட ரொட்டியைத் தின்னுட்டு எனக்கே வாழ்த்துச் சொல்லிட்டுப் போவான். யாருன்னு தெரியாம நான் பீடத்துக்கு முன்னாடி நிக்க மாட்டேன். மிக்கேலிஸ்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் எர்மானிஸ்.

"ஒண்ணும் சொல்லலை. பசுவைப் பாக்கப் போயிட்டார்."

அக்டோபரில் புதுப் பள்ளி ஆசிரியரின் குடும்பம் வந்துவிடும். சமையலறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மிக்கேலிஸின் வீட்டைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், ஒட்டீலியாவுக்கும் தெரியும். தெரிந்தும் நின்றாளே, அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

எர்மானிஸ் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வேறொரு கையெழுத்தில், தடித்த மையில் எழுதியிருந்தது, பாதி கிழிந்துபோயிருந்தது. ஒட்டீலியா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது.

"ஐயையோ! இது என்னோட கல்யாண ஓலை! 'இரண்டாம் முறையாக'ன்னு போட்டிருக்கு பாருங்க. பழைய போதகர் கையெழுத்து. தவக்காலம் தொடங்கிட்டா கல்யாணம் கிடையாதுன்னு மாளிகை எரிஞ்ச அடுத்த பிப்ரவரியில அவசர அவசரமா வெச்சாங்க. இந்த ஓலை வாசிச்ச அன்னைக்குத்தான் கோயில் படியில வழுக்கி, அத்தனை பேர் முன்னாடியும் மல்லாக்க விழுந்தேன். கட்டினவன் போர்ல போயிட்டான், அந்தச் சிரிப்பு மட்டும் ஊர்ல இன்னும் ஓயலை."

"அப்ப அந்த ஞாயித்துக்கிழமை மறக்க வழியில்லை," என்றார் எர்மானிஸ். தொப்பியை எடுத்துக்கொண்டார்.

முதலில் ஆலைக்குப் போனார்கள். ஒட்டீலியா வழியெல்லாம் ஆலைக்காரர் பெர்டுலிஸ்தான் குற்றவாளி என்று சாதித்துக்கொண்டு வந்தாள். மாளிகை மாவு முழுக்க அவர் அரைத்தது. மேலாளரோடு பீர் குடித்தவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். பெர்டுலிஸ் காகிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மாவு படிந்த விரலால் முதல் வரியைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"என் பையன் பேரா முதல்ல இருக்கு?" என்றார். "நல்ல வேளை, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரமே கப்பல் ஏத்திட்டேன். ஊருக்கே தெரியும், இவதான் டிக்கெட்டு வந்த தபாலைக் கொண்டுவந்து குடுத்தா. அங்க போய் ரெண்டு லெட்டர் போட்டான். அப்புறம் இல்லை."

வெளியே வந்ததும் ஒட்டீலியா வாய் திறக்குமுன் எர்மானிஸ் சொன்னார்: "பெத்த பிள்ளையை யாரும் பட்டியல்ல எழுத மாட்டாங்க, ஒட்டீலியா."

"சரி, அப்ப வேர்டினி பண்ணைக்காரன் காஸ்பர்ஸ். ஆன்ஸிஸுக்குக் கூலி பாக்கி வெச்சிருப்பான், தொலையட்டும்னு எழுதியிருப்பான்."

காஸ்பர்ஸ் வயலில்தான் இருந்தார். கிழங்குக் கூடையை இறக்கிவைக்காமலே காகிதத்தைப் பார்த்தார். "வேலையாளா? என்ன ஐயா இது, என் வீட்டு மேசையில என்கூட உக்காந்து தின்னவனுக்குப் பேர் இல்லையா? மிக்கேலிஸ், ஆன்ஸிஸ், அப்புறம் வந்த தெனிஸ், எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். 'வேர்டினி வேலையாள்'னு வெளியாளுதான் சொல்லுவான், கோயில் பெஞ்சுல எட்டத்துல இருந்து பாக்குறவன்."

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் கூலிக்காரனுக்கு ஊராரிடம் பெயர் நிற்காது. ஏப்ரல் இருபத்துமூன்று, யூர்கி நாள் வந்தால் வேலையாட்கள் எல்லோரும் வண்டியில் பெட்டியும் பூனையும் ஏற்றி, பின்னால் பசுவைக் கட்டி, அடுத்த பண்ணைக்குக் குடி மாறுவார்கள். அன்று சாலை முழுக்க வண்டியாக இருக்கும். அடுத்த யூர்கி வரை அவன் அந்தப் பண்ணையின் வேலையாள். அதற்கப்புறம் அந்தப் பேரும் இன்னொருவனுக்கு.

திரும்பும் வழியில் கோயிலில் நுழைந்தார்கள். மணி அடிக்கிற கோயிற்பிள்ளை லுத்விக்ஸ் மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது, நாற்பது வருஷமாக அதே வேலை.

"வாசிச்சு முடிச்ச கல்யாண ஓலையை என்ன பண்ணுவீங்க?" என்று ஏதோ பொழுதுபோக்காகக் கேட்பதுபோல் கேட்டார் எர்மானிஸ்.

"என்ன பண்றது? போதகர் ஒவ்வொரு வாரமும் புதுசா எழுதுவார். பழசை நான் எடுத்துக்கிட்டுப் போய் அன்னைக்கு ராத்திரியே அடுப்பு மூட்டுவேன். சுள்ளி ஈரமா இருந்தா காகிதம் வேணுமே." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். எர்மானிஸின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அப்புறம் தாங்கியை மறுபடி தேய்க்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை எர்மானிஸ் சாப்பிடவில்லை. மேசையில் கறுப்பு ரொட்டியும் தயிரும் அப்படியே இருந்தன. வேர்டினியின் பழைய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் ஒட்டீலியா.

"சில கிணறு வெட்டக் கூடாது ஒட்டீலியா. பூதம் கிளம்பும். சனிக்கிழமை நாலு மணிக்கு ஆலைக்காரர், காஸ்பர்ஸ், லுத்விக்ஸ், மூணு பேரையும் வரச் சொல்லுங்க. லவீஸே இருக்கட்டும். மிக்கேலிஸ் மட்டும் வேண்டாம்."

"அவர் ஏன் வேண்டாம்? மாப்பிள்ளை ஆச்சே!"

"வேண்டாம்," என்றார் எர்மானிஸ். காரணத்தைச் சொல்லவில்லை. துப்பறிகிறவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். கடைசி நிமிஷம் வரை வாயைத் திறப்பதில்லை. அதில் அவர்களுக்கு ஒரு சுகம் போலிருக்கிறது. அன்றைக்கு அவர் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் புது வகுப்பறையில், பிள்ளைகளுக்காகச் செய்த குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பேச்சைத் தொடங்கும்போதே கதவு திறந்தது. மிக்கேலிஸ், தோளில் சொட்டச் சொட்ட நனைந்த சாக்கோடு, "லவீஸே நனையக் கூடாதேன்னு வண்டி கொண்டுவந்தேன்," என்றான். வெளியே போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவன் கதவோரமாக நின்றுகொண்டான். எர்மானிஸ் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"சுருக்கமா சொல்றேன்," என்றார். "இந்தப் பட்டியல் ஒரு கல்யாண ஓலைக்குப் பின்னாடி எழுதினது. அந்த ஓலை பிப்ரவரியில வாசிச்சது. வாசிச்ச ஓலை கோயிற்பிள்ளை கையைத் தவிர வேற எங்கேயும் போகாது. அன்னைக்கே அடுப்புக்குப் போயிடும். அதனால எழுதினதும் அதே ஞாயித்துக்கிழமைதான். இன்னொரு சாட்சியும் இருக்கு. ஆலைக்காரர் மகன் ஈஸ்டருக்கு முன்னாடியே கப்பல் ஏறினது ஊருக்கே தெரியும். அதுக்கப்புறம் எழுதுறவன் அவன் பேரை எழுத மாட்டான். இது லுத்விக்ஸ் எழுதினது."

லுத்விக்ஸ் மறுக்கவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வட்டாரத்துல படைக்காரங்க ஒவ்வொரு பண்ணையா கொளுத்திக்கிட்டே வர்றாங்கன்னு மேலாளர் சொன்னார்," என்றார். "நாலு பேரைக் குடு, மிச்ச ஊரை விட்டுடச் சொல்றேன்னார். நெருப்பு வெளிச்சத்துல நான் கண்ணால பாத்த நாலு பேரை எழுதினேன். நான் எழுதினதைப் பாத்து அவர் ஜெர்மன்ல வேற தாள்ல எழுதிக்கிட்டார். உங்க வீடெல்லாம் இன்னைக்கு நிக்குதே, அது எதனால நிக்குது?"

ஆலைக்காரர் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என் பிள்ளையை வித்து எனக்கே வீடு வாங்கிக் குடுத்தியா, கிழட்டு நாயே!" காஸ்பர்ஸ் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

லவீஸே மட்டும் அசையவில்லை. கிழவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினாறு வருஷம் ஒவ்வொரு முகமாகத் தேடியவளுக்குக் கடைசியில் ஒரு முகம் கிடைத்துவிட்டது. அவளுடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. "அப்ப, இவன்தான்," என்றாள். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. நிஜமாகவே இருந்தது.

"அவ்வளவுதான்," என்று எர்மானிஸ் காகிதத்தை மடித்தார். "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

அந்த இடத்தில் ஒட்டீலியா துள்ளி எழுந்தாள். பாவம், ஒரு கணக்கு இடிக்கிறது என்று அவள் மண்டை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தது.

"இருங்க ஐயா, ஒண்ணு விட்டுட்டீங்களே! எழுதினது பிப்ரவரி. ஆன்ஸிஸ் அண்ணன் வேர்டினிக்குப் போனது யூர்கிக்கு, ஏப்ரல் கடைசி. பிப்ரவரியில வேர்டினி வேலையாள் அவர் இல்லையே! அப்ப இதுல இருக்கிறது அவருக்கு முன்னாடி இருந்த..."

அவளுடைய வாய் சொல்லிக்கொண்டே போனபோது கண் கதவுப் பக்கம் போயிற்று. அங்கே நின்றுவிட்டது. அவள் சட்டென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்," என்றார் காஸ்பர்ஸ் மெதுவாக. "ஆன்ஸிஸையேதான் யாரோ எழுதியிருக்காங்கன்னு. மிக்கேலிஸ் நெருப்பு வைக்கப் போனது எனக்குத் தெரியாதே."

லவீஸே திரும்பினாள். "மிக்கேலிஸ்?"

மிக்கேலிஸ் சாக்கைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். அவனுக்கு ஐம்பது வயது. அந்த நேரத்தில் எழுபது போலத் தெரிந்தான்.

"யூர்கி அன்னைக்கு நானும் அவனும் இடம் மாத்திக்கிட்டோம்," என்றான். "நான் உங்க பழைய பண்ணைக்கு, நீங்க வேர்டினிக்கு. முற்றத்துல மொழிபெயர்ப்பாளர் வாசிச்சார்: வேர்டினி வேலையாள். ஆன்ஸிஸ் தொப்பியைக் கழட்டிட்டு முன்னாடி போனான். ஏதோ வண்டி வேலைக்குக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சிருப்பான். நான் மூணு ஆள் தள்ளி நின்னேன்."

"நீ எதுவும் சொல்லலை."

"சொல்லலை."

"அவர்?"

எர்மானிஸ், "போதும், விடுங்க," என்றார். லவீஸே அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் என்ன சொன்னார்னு கேட்டேன்."

"தீ வெச்சியான்னு கேட்டாங்க. 'நான் யூர்கிக்குத்தான் வந்தேன்'னான். 'உனக்கு முன்னாடி அங்க யாரு?'ன்னு கேட்டாங்க." மிக்கேலிஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவன் திரும்பி வரிசையைப் பாத்தான். என்னைப் பாத்தான் லவீஸே. நல்லாப் பாத்தான். அப்புறம் 'தெரியாது'ன்னுட்டான்."

லுத்விக்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆலைக்காரரும் காஸ்பர்ஸும் அவருக்கு வழி விட்டார்கள். அவரை அடிக்க இப்போது யாருக்கும் கை எழவில்லை. அப்புறம் அவர்களும் போய்விட்டார்கள்.

"வேர்டினி வேணும்னு அடம் பிடிச்சது நான்தான்," என்றாள் லவீஸே. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "அங்க நமக்குன்னு தனி ரூம் இருக்கு, தெற்கே பாத்த சன்னல் இருக்குன்னு. அவர் போற இடம் எதுவானா என்னன்னார்."

"அக்கா," என்று அழுதாள் ஒட்டீலியா.

"நீ அழாதே. உன்னால வந்தது இல்லை." பிறகு எர்மானிஸைப் பார்த்து, மரியாதையாகவே கேட்டாள்: "உங்களுக்குத் தெரியும் இல்லையா ஐயா? செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"தெரியும்மா."

"மறைச்சே விட்டிருப்பீங்க. நானும் சந்தோஷமா அங்க போய் வாழ்ந்திருப்பேன்."

இருபது வருஷம் நிலத்தை அளந்த எர்மானிஸ், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லவீஸே எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் துணி மூட்டை ஒன்று இருந்தது. தலைக்குட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். மிக்கேலிஸ் இன்னும் கதவோரமே நின்றிருந்தான்.

"போலாமா?" என்றாள்.

அவன் நம்பாமல் பார்த்தான். "லவீஸே, என்னை மன்னிச்சு..."

"அதைப் பேசாதே. என்னைக்குமே பேசாதே. அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்காரங்க சாமான் வருது. எனக்குக் குளிர்காலத்துக்கு ஒரு கூரை வேணும். உனக்கு ரொட்டி சுட ஆளு வேணும். அவ்வளவுதான்."

சன்னல் வழியாக ஒட்டீலியா பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியருகில் அவன் ஏற்றிவிடக் கையை நீட்டினான். அவள் அதைப் பார்க்காததுபோல, சக்கரத்தில் கால் வைத்துத் தானே ஏறினாள். மழையில் வண்டி போயிற்று.

மறுநாள் லுத்விக்ஸ் மணி அடிக்க வரவில்லை. போதகரே அடித்துவிட்டு வந்து மூன்றாவது ஓலையை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் எழவில்லை.